அம்மா படிக்கும் நூல்

தமிழில் ‘நூல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. ஊசியில் கோக்கும் இழையும் நூல்தான். கற்கும் ஏடும் நூல்தான். பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டியிருப்பதை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். இருபது ஆண்டுகளாக அந்தப் பாயிரத்தைக் கல்லூரியில் கற்பித்து வருபவள் நான். அண்மைக் காலமாக, விடுமுறை நாட்களில், இழையாகிய நூலைக் கொண்டு ஏடாகிய நூலைத் தைப்பதும் என் வேலையாகிவிட்டது. “தமிழாசிரியைக்குத் தையல் எதற்கு?” என்று உடன் பணிபுரிவோர் கேட்பதுண்டு. அவர்களுக்கு அவ்வப்போது சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது தெஹியோவிட்டயை அடுத்த ஓர் இறப்பர்த் தோட்டத்தில். மலையகம் என்ற மாத்திரத்தில் தேயிலைச் சரிவும் பனிமூட்டமும் வாசகர் மனத்தில் எழுவது இயல்பே. சி. வி. வேலுப்பிள்ளை முதலாகப் பலரும் எழுதி அந்தக் காட்சியை நமக்குப் பழக்கிவிட்டார்கள். சப்பிரகமுவ மாகாணத்தின் தாழ்ந்த குன்றுகள் அத்தகையன அல்ல. அவிசாவளையிலிருந்து அட்டனுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சில மைல் சென்றால் தெஹியோவிட்ட வந்துவிடும். மழை மிகுந்த பூமி அது. தெரணியகலப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி வரும் சீதாவாக்கை ஆறு, அவிசாவளையை அடுத்துக் களனி கங்கையோடு சேர்கிறது. இறப்பர்க் காட்டினுள்ளே நண்பகலிலும் அரையிருட்டுத்தான். தை, மாசியில் மட்டும் இலைகள் செம்பு நிறம் கொண்டு உதிர, காட்டுக்குள் வானம் தெரியும். ஆவணி வாக்கில் காய்கள் வெயிலில் படீரென வெடித்து விதைகள் நாற்புறமும் தெறிக்கும். புள்ளி போட்ட அந்த விதையைக் கல்லில் உரைத்து, அருகில் நிற்கும் பிள்ளையின் தொடையில் சூடு வைத்துவிட்டு ஓடுவது எங்கள் விளையாட்டுகளுள் ஒன்று. சூடு வாங்கிய பிள்ளை பெரும்பாலும் நானே.

அந்தக் காடு இன்று இல்லை. யாரும் அநியாயமாக அழித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். இறப்பர் நம் நாட்டு மரம் அன்று. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விதைகள் இங்கிலாந்தின் கியூ பூந்தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, அதே ஆண்டில் அந்த நாற்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடவில் நடப்பட்டன. நட்ட மரம் ஆறேழு ஆண்டுகளில் பால் தரத் தொடங்கும். ஏறத்தாழ முப்பதாவது வயதில் பால் வற்றும். பின் அதனை வெட்டி விறகாக்கி, அவ்விடத்தில் புதுக் கன்று நடுவார்கள். ஆகவே இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் இளமைக் காலத்து நிலம் முப்பது ஆண்டுக் குத்தகை போன்றது. யாழ்ப்பாணத்தவர் தம் வீட்டு முற்றத்து மாமரத்தைப் பேரனுக்குக் காட்டலாம். நான் ஏறி விளையாடிய மரங்களெல்லாம் புகைக்கூட்டு அடுப்பில் எரிந்து எத்தனையோ ஆண்டுகளாயின.

நிலம் இப்படி, காகிதம் எப்படி? எங்கள் மக்களுக்கும் காகிதத்துக்கும் உள்ள உறவு பழையது, ஆனால் இனிமையானது அன்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த முன்னோர் சிலருக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலில் கிடைத்தது தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த ஒரு தகரவில்லை. ‘துண்டு’ என்றொரு சீட்டும் இருந்தது. தோட்டம் மாறும் தொழிலாளியின் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதை அது சொல்லும். 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், பாட்டன் பிறந்த இடத்தைக் காகிதத்தால் நிறுவ முடியாத பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் மாதத்துச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. 1974இல் அந்த மிச்சமும் இரு பாதியாயிற்று. இத்தனை ஏடுகளிலும் எழுதியவர் வேறு, எழுதப்பட்டவர் நாம்.

தோட்டத்தில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு ஒரு விசேடப் பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். மழையால் வேலை பாதியில் நின்றாலோ, பால் குறைந்தாலோ அரைப் பேர். மனிதரின் பெயரும் அவருடைய நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இடம் வேறெங்கேனும் உண்டோ? என் அம்மாவின் பேர் முப்பத்தாறு ஆண்டுகள் செக்ரோலில் ஏறியது. ஒருநாளேனும் அவர் அதனைப் படித்ததில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது. சம்பள நாளில் பெருவிரலை மையில் தோய்த்து வைத்ததோடு காகிதத்துடன் அவருடைய தொடர்பு முடிந்தது.

2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்கள் புதையுண்டதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அதே நாளில் புலத்கொஹுபிட்டியவில், களுப்பான தோட்டத்து லயத்தின் மீதும் மண் சரிந்து பலர் மாண்டார்கள். அந்த வாரம் எங்கள் லயத்தாரும் அஞ்சி வெளியேறிப் பாடசாலையொன்றில் தங்கினார்கள். அம்மாவின் கையில் ஒரு பொலித்தீன் பை மட்டும் இருந்தது. அதனுள் அடையாள அட்டை, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், சேமலாப நிதிக் கடதாசிகள், அவற்றோடு பெரியம்மாவின் பழைய கடிதங்கள் மூன்று. ஏனையவை விளங்கின, கடிதங்கள் விளங்கவில்லை. “படிக்கத் தெரியாத காயிதத்த எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க?” என்றேன்.

“தொட்டுப் பாக்கத்தான்” என்றார் அம்மா.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஆறு வயது மூத்தவர். ஒப்பந்தத்தின்படி அவருடைய கணவர் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. 1976இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்று கன்னியாகுமரி மாவட்டத்தில் தமிழ்நாட்டு அரசு இறப்பர்த் தோட்டங்களை அமைத்திருந்தது. இங்கே பால் வெட்டிய கை அங்கேயும் அதே மரத்தில் பால் வெட்டியது. கடல் ஒன்றுதான் நடுவில். அவருக்கும் எழுத்துத் தெரியாது. அக்கா சொல்ல யாரோ எழுதி, தங்கை கேட்க யாரோ படித்த கடிதங்கள் அவை. எழுதிய கை எது, படித்த வாய் எது என்று இருவரும் அறியார்கள். இடையில் எத்தனை அன்பு சிந்திப் போயிற்றோ! பின்னர்க் கைத்தொலைபேசி வந்தது. அதிலும், “சாப்பிட்டியா? ஒடம்பு சொகமா? மழையா?” என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. நாற்பது ஆண்டு காணாத இருவர் தொலைபேசியில் வேறு என்ன பேச முடியும்?

எழுத்தறியாத இரு சகோதரியர் படிக்கத்தக்க ஒரு நூலைச் செய்ய வேண்டும் என்ற ஆசை அந்தப் பாடசாலைத் திண்ணையில் உண்டாயிற்று. தாளைத் தெரிவதிலிருந்து கட்டி முடிப்பது வரை கலைஞர் தம் கையாலேயே செய்யும் நூலை மேனாட்டார் தனியொரு கலையாகப் போற்றுகிறார்கள். வில்லியம் பிளேக் என்னும் ஆங்கிலக் கவிஞர் இதில் முன்னோடி. 1789இல் வெளிவந்த தம் குழந்தைமைப் பாடல் நூலை அவர் அச்சகத்துக்கு அனுப்பவில்லை. செப்புத் தகட்டில் எழுத்தையும் சித்திரத்தையும் ஒருங்கே தாமே வரைந்து, அமிலத்தால் அரித்து, வீட்டிலேயே அச்சிட்டார். அந்த உத்தியை இறந்துபோன தம் தம்பி ராபர்ட் கனவு போலத் தோன்றிச் சொல்லித் தந்ததாகப் பிளேக் நம்பினார். பக்கங்களுக்கு வர்ணம் தீட்ட உதவியவர் அவருடைய மனைவி கேதரின். இந்த அம்மையார் 1782இல் திருமணப் பதிவேட்டில் கையொப்பமிட அறியாமல் ஒரு பெருக்கற்குறி இட்டவர். இன்று உலகின் பெருநூலகங்கள் காவல் வைத்துக் காக்கும் ஏடுகளில் அவருடைய தூரிகை பட்டிருக்கிறது. பெருவிரல் வைக்கும் தாயைப் பெற்ற எனக்கு இச்செய்தி எவ்வளவு தெம்பு தந்தது என்று சொல்லத் தேவையில்லை.

நம்மவரிடையிலும் சான்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011இல் ஒரு நூல் செய்தார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டைத் தோம்பு என்பார்கள். சனாதனன் தம் நூலுக்கு முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரிட்டார். போரினால் வீடிழந்தோர் தம் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுக்க, அதனைக் கட்டடக் கலைஞரின் அளவுப்படமாகவும், தம்முடைய ஓவியமாகவும் அடுத்தடுத்து வைத்தார். கந்தோர்க் கோவை போலத் தோன்றும் அந்த நூலைப் புரட்டினால், எந்தக் கந்தோரும் பதியாத சங்கதிகள் தெரியும். சென்னையில் தாரா பதிப்பகத்தார், கையால் செய்த கறுப்புத் தாளில், பட்டுத்திரை அச்சினால், மத்திய இந்தியாவின் கோண்டு ஓவியர் மூவர் தீட்டிய மரங்களை 2006இல் நூலாக்கினார்கள். தாளைக் கையில் எடுத்தாலே அதன் சொரசொரப்பு முதலில் பேசும், சித்திரம் பிறகுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைக்கும் நூல்களில் எனக்குச் சம்மதமில்லை. தொடாத நூலைச் சித்திரம் என்று சொல்லிச் சுவரில் மாட்டிவிடலாமே!

சனாதனனின் நூலைக் கண்ட பின் எனக்கொரு சிக்கல் எழுந்தது. அவர்களுக்கு வரைவதற்கு வீடு இருந்தது. முன்வாசல், சுவாமியறை, கிணற்றடி, பலாமரம் என அடையாளங்கள் இருந்தன. எங்களுக்கு இருந்ததோ பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. பக்கத்துக் காம்பராவும் அதே அளவுதான். ஒன்றை வரைந்தால் எல்லாம் வரைந்ததாயிற்று. யோசித்துப் பார்த்தபோது அதுவே வழியும் ஆயிற்று. ஒரே அளவான பக்கங்கள் வரிசையாய் ஒட்டி நிற்பதுதானே மடிப்பேடு? அதை முழுதும் விரித்தால் நீண்ட லயம். மடித்தால் கையடக்கமான நூல். காம்பராவுக்கு ஒரு மடிப்பு. அம்மாவின் கணக்கில் காம்பரா பன்னிரண்டு. ஆகவே பன்னிரண்டு மடிப்பு. லயத்தைக் கட்டிய துரைமாருக்குத் தாங்கள் ஒரு நூலைக் கட்டுகிறோம் என்று தெரிந்திராது!

தாளுக்கு நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே யானைச் சாணத்திலிருந்து காகிதம் செய்கிறார்கள். முகம் சுளிக்க வேண்டாம். தென்னோலையும் கித்துளும் தின்னும் யானையின் வயிறு, நாரைப் பாதி பதப்படுத்தியே வெளியே தருகிறது. அதைக் கழுவி, நன்கு கொதிக்க வைத்து, பழங்காகிதக் கூழோடு கலந்து, வலைச் சட்டத்தில் அள்ளிப் பிழிந்து உலர்த்தினால் தடித்த, நார் தெரியும், மணமற்ற தாள் கிடைக்கும். அதைத்தான் வாங்கினேன். மடிப்புகளை இணைத்தது அம்மாவின் பழஞ்சேலைக் கீற்று. பசை, கோதுமை மாவைக் காய்ச்சியது; பூச்சி அண்டாதிருக்க நூற்கட்டுநர் வழக்கப்படி சிறிது மயில்துத்தம். (அது நஞ்சு, வீட்டில் செய்வோர் சிறுவர் கைக்கு எட்டாமல் வைக்க.) இறப்பர்ப் பாலையே பசையாக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அது நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கித் தாளையும் கறையாக்கும்.

அட்டைக்கு மட்டும் இறப்பரை விட மனமில்லை. வடித்த பாலில் நீர் சேர்த்து, சிறிது போமிக் அமிலம் விட்டு, தட்டில் உறையவைத்து, உருளைகளில் கொடுத்துத் தகடாக்கி, நான்கைந்து நாள் புகைக்கூட்டில் தொங்கவிட்டால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் தகடு கிடைக்கும். நாட்டு வைத்தியர் கஷாயத்தைக் கெட்டியாக்கியது போன்ற நிறம். அதன் புகை மணம் எளிதில் போகாது. ஆயினும் வெயில் பட்டால் இளகிப் பிசுபிசுக்கும்; ஈரம் பட்டால் பூஞ்சணம் பூக்கும். புத்தகத்துக்கு இதைவிடப் பொல்லாத அட்டை கிடையாது. “அதனால என்ன? கெழமைக்கு ஒருக்காத் தொடச்சி வச்சிக்கலாம். பிள்ளையத் தொடைக்கல்லியா?” என்றார் அம்மா. உலர்ந்த இரண்டு தகடுகளை மெல்லிய பலகையில் போர்த்தி அட்டையாக்கினேன்.

ஒவ்வொரு மடிப்பிலும் திறந்து மூடத்தக்க ஒரு தாட்கதவு. கதவுக்குப் பின்னே எழுத்தில்லை. அந்தக் காம்பராக்காரரை அடையாளம் காட்டும் ஒரு பொருள். எது எதை வைப்பது என்று தீர்மானித்தவர் அம்மாதான். முதற்காம்பராக் கங்காணிக்குக் கறுப்புக் கம்பளித் துண்டு. தப்படிக்கும் குடும்பத்துக்கு இறுக்கிக் காய்ந்த தோல். இடுப்பில் சாக்குக் கட்டி மலைக்குப் போன விதவைக்குச் சாக்கு நார். காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியவருக்குச் சரிகை இழை. ஒரு வீட்டுக்கு இறப்பர் இலையின் நரம்பு வலை. இலையைச் சில வாரம் நீரில் ஊறப்போட்டால் பசுமை அழுகிக் கழன்று, சல்லடை போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும்; மாணவர் செய்து பார்க்கலாம். “இவுங்க எல்லாரும் இந்தியாவுக்குப் போய்ட்டாங்க. நரம்புதான் மிச்சம்” என்றார் அம்மா. அப்படி அவர் சொன்னதை நான் அழகுபடுத்தி எழுதவில்லை, அப்படியேதான் சொன்னார்.

எங்கள் காம்பராவுக்கு ஒரு நூலில் பிள்ளைக்கொரு முடிச்சுப் போடும்படி சொன்னார். நாங்கள் நால்வர். நான்கு முடிச்சுப் போட்டேன். “ஆறு போடு” என்றார். எனக்கு முன்னே இரண்டு குழந்தைகள் பிறந்து பெயரிடுமுன் இறந்ததை அன்றுதான் அறிந்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஒருத்திக்குத் தான் மூன்றாவது பிள்ளை என்று தெரிய வருவது வேடிக்கைதான். மேற்கொண்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரு முடிச்சுகளையும் தாமே போட்டார்.

மடிப்பேட்டின் மறுபக்கத்துக்கு மலை வேண்டும். குன்றையும் மரத்தையும் விளக்குக்கரியால் தீட்டத் தொடங்கியபோது அம்மா தம் பழைய பால்வெட்டுக் கத்தியை எடுத்து வந்தார். இறப்பர் மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். பால் நாளங்கள் மரத்தைச் சற்றே சுற்றிக்கொண்டு ஏறுவதால், அப்படிச் சீவினால்தான் அதிக நாளங்கள் அறுபட்டுப் பால் பெருகும். ஒரு முறை சீவும் பட்டை ஓரிரு மில்லிமீற்றர் தடிப்புக்கு மேற்படலாகாது. ஆழப் போனால் மரம் காயப்படும். மேலோடு நின்றால் பால் வராது. இருளில், மழை ஈரத்தில், நாளொன்றுக்குச் சில நூறு மரங்களில் இந்தக் கணக்குத் தவறாமல் கத்தியை ஓட்டிய கை அம்மாவின் கை. தடித்த தாளின் மேல் கத்தியை வைத்தார். மேற்படலம் மட்டும் சுருளாய்க் கழன்று வந்தது; தாள் கிழியவில்லை. பன்னிரண்டு பக்கத்திலும் சரிவு சரிவாக நாற்பதுக்கு மேற்பட்ட கோடுகள், ஒன்றும் பொத்தலாகவில்லை. என் கரிக்குன்றுகளை அழித்துவிட்டேன். விரலால் தடவினால் அந்தச் சரிவுகள் தெரியும். ஏழாம் நம்பர் மலை அது என்றார் அம்மா. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

ஒரே மாதிரி இரண்டு படிகள் செய்தோம். சரியாக ஒரே மாதிரி என்று சொல்ல முடியாது. கைவேலையில் அது முடியாது. இவற்றைச் செய்து பழகுமுன் என் வகுப்பு மாணவரோடு சிறு நூல்கள் பல செய்தேன். அதற்கு அதிகம் வேண்டியதில்லை. ஐந்தாறு தாள்களை நடுவில் மடித்து, மடிப்பில் மூன்று துளையிடுக. உள்ளிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியே விட்டு, மேல்துளையால் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியேறி, மீண்டும் நடுத்துளையால் உள்ளே வந்து, நீண்ட இழையை நடுவில் பிடித்து முடிச்சிட்டால் நூல் ஆயிற்று. பரீட்சைக்குரிய பாடம் இது அன்றென்று பெற்றோர் சிலர் குறைப்பட்டார்கள். ஒரு மாணவன் தன் தந்தை ஓட்டும் முச்சக்கரவண்டியின் இருக்கைத் தோலை அட்டையாக்கி வந்தான். அதில் அவர் சேமித்த பழைய எரிபொருள் சீட்டுகளைத் தைத்திருந்தான். 2022இல் எத்தனை இரவு அவர் வரிசையில் நின்றார் என்று அதில் எண்ணிப் பார்க்கலாம். அந்தத் தந்தை கல்லூரிக்கு வந்து, நூலை இரு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதையும் ஒரு கதையெண்டு வச்சிருக்கிறானே” என்று மட்டும் சொன்னார்.

பெரியம்மாவின் படியைத் தபாலில் போட மனம் வரவில்லை. 2023இல் தமிழ்நாட்டுக்கு யாத்திரை சென்ற உறவினர் ஒருவர் வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று நேரில் கொடுத்தார். மறுநாள் பெரியம்மாவின் பேரன் வாட்ஸ்அப்பில் காணொளி அழைப்பு எடுத்தான். பெரியம்மா முதலில் நூலைத் திறக்கவில்லை. அட்டையை முகத்தோடு வைத்து மணந்தார். “நம்ம புகைக்கூட்டு வாசந்தான். இங்க உள்ள சீட்டு இப்பிடி மணக்காது” என்றார். அதை நான் நம்பவில்லை. இரண்டு நாட்டிலும் செய்முறை ஒன்றே. ஆனால் அதைச் சொல்வதற்கா அந்த வேளை? பிறகு கதவுகளைத் திறந்தார். கம்பளியைத் தடவி, “கங்காணி” என்றார். தோலைத் தட்டிப் பார்த்து, தப்படித்தவரின் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பெயர் வந்தது. எங்கள் காம்பராவில் விரல் ஆறாம் முடிச்சு வரை போய் நின்றது. “ஆமா” என்றார். இப்பால் அம்மா தலையசைத்தார்.

பன்னிரண்டாம் கதவையும் திறந்து பார்த்துவிட்டு, பெரியம்மா நூலைப் புரட்டி ஓரத்தைத் தேடினார்.

“கடைசிக் காம்பரா எங்கடி?”

“அதான் கடைசிக்கா. பன்னெண்டு.”

“பதிமூணுடி. பீலிப் பக்கமா ஒண்ணு இருந்துச்சே.”

“அது காம்பரா இல்ல, ஆட்டுக் கொட்டிலு.”

“கொட்டில்லதான் கூனிக் கெழவி இருந்தா. கஞ்சி நாந்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். நீ அப்ப கைப்புள்ள, ஒனக்கு என்ன தெரியும்?”

“ஆடு கட்டுனது எனக்குத் தெரியாதா?”

“ஆடு அதுக்கப்பொறம்.”

அரை மணி நேரம் இருவரும் வழக்காடினார்கள். பேரனும் நானும் திரையின் இருபுறமும் வாயடைத்து நின்றோம். 1976க்குப் பிறகு அக்காவும் தங்கையும் போட்ட முதற்சண்டை அது. அந்தக் கிழவிக்கு உறவினர் இருந்ததாகப் பெரியம்மாவுக்கும் நினைவில்லை. வேலை செய்யும் வயதைக் கடந்தவர். எனவே செக்ரோலில் பேர் இல்லை. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், எப்போது இறந்தார் என்பதற்கு ஆதாரம் தேடப் போனால் ஒரு கந்தோரிலும் கிடைக்காது. ஒருத்தி நினைவில் மட்டும் இருக்கிறார். மற்றவள் நினைவில் அவ்விடத்தில் ஆடு நிற்கிறது.

மடிப்பேட்டில் ஒரு வசதி உண்டு. தைத்த நூலைப் பிரிக்காமல் இடையில் ஒரு பக்கம் சேர்ப்பது கடினம். மடிப்பேட்டின் ஓரத்தில் எத்தனை மடிப்பு வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டே போகலாம். இரண்டு படிக்குமாக இரண்டு தாள்களை அளந்து வெட்டி வைத்திருக்கிறேன். அம்மா இன்னும் இணங்கவில்லை. அது ஆட்டுக் கொட்டில்தான் என்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை அட்டையில் படிந்த பூஞ்சணத்தை ஈரமற்ற துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே கேட்டார்:

“கெழவி இருந்தான்னே வச்சுக்குவோம். அவ கதவுக்குப் பின்னால என்னத்த ஒட்டுவ?”

கேள்வியைப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். யோசித்துச் சொல்வதாகப் பேரன் மூலம் பதில் வந்திருக்கிறது.